அவசரம் 1

போன் அடித்தபோது நான் ஒரு கோட்டின் உள்பையில் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தேன். எங்கள் சலவை நிலையத்துக்கு வருகிற உடுப்பு எதுவானாலும் முதல் வேலை பைகளைப் பார்ப்பதுதான். சாவி, பேனா, மாத்திரை, யாரோ யாருக்கோ எழுதிக் கொடுக்காமல் விட்ட கடிதம், ஒரு தடவை ஒரு பல்செட் கூட வந்திருக்கிறது. அதற்கப்புறம்தான் எண் போட்ட துணிப்பட்டையைக் காலருக்கு உள்பக்கம் வைத்து நாலு தையல் போடுவேன். பதினாறு வருஷமாக இந்த மேசையில் இருக்கிறேன், ஒருவர் சட்டை இன்னொருவர் வீட்டுக்குப் போனதில்லை. அப்படிப்பட்ட நான் கோட்டைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால், மேசையிலிருந்த போனின் திரையில் 'அவசரம் 1' என்று வந்துகொண்டிருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. காலையில் கோபத்தில் நான் தூக்கிக்கொண்டு வந்தது என் போன் இல்லை, என் வீட்டுக்காரருடையது.

கட்டிய பெண்டாட்டியின் எண்ணை 'அவசரம் 1' என்று பதிந்து வைத்திருக்கிற மனிதர் இந்த ஊரிலேயே அவர் ஒருவராகத்தான் இருப்பார். மற்றவர்கள் 'வீடு' என்று போடுவார்கள், கொஞ்சம் குறும்புக்காரர்கள் 'மகாராணி' என்று போடுவார்கள். இவரிடம் கேட்டால் விளக்கம் தயாராக இருக்கும். ரோட்டில் விழுந்து கிடந்தால் எடுத்துப் பார்க்கிறவனுக்கு யாரைக் கூப்பிடுவது என்று தெரிய வேண்டுமாம். அகரத்தில் ஆரம்பித்தால் வரிசையில் மேலே வந்துவிடுமாம். "மொத எடத்தையே உனக்குக் குடுத்திருக்கேன், அதுக்கும் சண்டையா?" என்பார்.

அவர் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுத்து எடுத்து, மனிதர்கள் கையில் போனை வைத்துக்கொண்டே எப்படி முழிக்கிறார்கள் என்று பார்த்தவர். அதனால் ஒரு நோட்டுப் போட்டு எழுத ஆரம்பித்தார். பேச்சுக்குச் சிக்னல் போதாத இடத்தில் குறுஞ்செய்தி போய்ச் சேரலாம். சார்ஜ் தீரப்போகிறதென்றால் யாரையும் கூப்பிட்டு அழுதுகொண்டிருக்காமல் முதலில் இருக்கிற இடத்தை அனுப்பிவிட வேண்டும். போனின் பக்கவாட்டுப் பொத்தானை விடாமல் ஐந்து தடவை அழுத்தினால் பல போன்கள் தானாக உதவி கேட்கும். பூட்டிய போனிலும் கீழே 'அவசரம்' என்று ஒன்று இருக்கும், அதற்குள் நம் நோய்நொடி, மருந்து, கூப்பிட வேண்டிய ஆள் எல்லாவற்றையும் எழுதி வைக்கலாம். இதையெல்லாம் குடும்பக் குழுவில் தினம் ஒன்றாகப் போடுவார். என் தம்பி அவருக்கு 'சைரன் மச்சான்' என்று பேர் வைத்தான். ஏதோ நம்பரைத் தட்டினால் பேட்டரிக்குள் ஒளிந்திருக்கும் சார்ஜ் வெளியே வரும் என்று எவனோ அனுப்பியதை ஒரு சாயங்காலம் முழுக்கத் தட்டிப் பார்த்துவிட்டு, நோட்டில் சிவப்பு மையால் 'பொய்' என்று எழுதினார். அன்றைக்கு முகத்தைப் பார்க்க வேண்டுமே, மோசம் போன மாப்பிள்ளை மாதிரி இருந்தார்.

எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் இந்தப் பைத்தியம் எங்கே பிடித்தது என்று எனக்குத் தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் எனக்குப் பித்தப்பையில் கல் இருந்து, ஒரு மத்தியானம் வலி தாங்காமல் சமையலறைத் தரையில் விழுந்துவிட்டேன். படுத்தபடியே அவரைக் கூப்பிட்டேன், பதினோரு தடவை. அவர் ஏதோ ஒரு கட்டிடத்தில் லிஃப்டுக்கு அடியில் இருக்கிற குழிக்குள் வேலை செய்துகொண்டிருந்தார், அங்கே சிக்னல் கிடையாது. கடைசியில் எதிர்வீட்டுக்காரர்கள்தான் என்னைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அவர் சாயங்காலம் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது கையில் கிரீஸ் அப்படியே இருந்தது, கழுவக்கூட இல்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து என் கால் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் ஏன் எடுக்கவில்லை என்று கேட்கவில்லை. அடுத்த வாரம் நோட்டு வாங்கினார். அந்த மத்தியானத்தைப் பற்றி இருவரும் அதன் பிறகு வாயே திறந்ததில்லை.

இன்று காலையில் நான் திறந்துவிட்டேன்.

ஒன்று கெட்டால் இன்னொன்றின் சார்ஜர் உதவும் என்று இருவருக்கும் அச்சாக ஒரே போன், ஒரே கறுப்பு உறை வாங்கியிருந்தார். ஏழே முக்காலுக்கு வயிற்றில் சர்க்கரை ஊசியைப் போட்டுக்கொண்டார். எட்டு மணிக்குச் சாப்பிட்டாக வேண்டும். நான் தட்டை வைத்துவிட்டு இரண்டு தடவை கூப்பிட்டேன். மனிதர் இரண்டு போனையும் முன்னால் போட்டுக்கொண்டு, என்னுடையதில் அந்த அவசரப் பக்கத்தை நிரப்பிக்கொண்டிருந்தார். "சர்க்கரை இல்ல, குடுத்து வச்சவ," என்று சொல்லிக்கொண்டே தட்டினார். வயது ஐம்பத்திரண்டு என்று உண்மையையே போட்டுவிட்டார். "உனக்கு எது ஒத்துக்காது?" என்றார். "உங்க உபதேசம்," என்றேன். கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, ஒவ்வாமை என்ற இடத்தில் 'உபதேசம்' என்று எழுத்துக் கூட்டித் தட்டினார். வேறொரு நாளாக இருந்தால் நானும் சிரித்திருப்பேன். எனக்கு நேரமாகிவிட்டது, தட்டு ஆறிக்கொண்டிருந்தது, அவர் அதோடு விடாமல், "விளையாட்டில்ல, உனக்கு ஏதாவது ஒண்ணு ஆயிட்டா..." என்று ஆரம்பித்தார். "எனக்கு ஒண்ணு ஆனப்போ உங்க போன் எங்க இருந்துச்சாம்?" என்று கேட்டுவிட்டேன்.

கேட்ட மாத்திரத்தில் அவர் முகம் என்ன ஆனது என்று நான் பார்க்கவில்லை. பார்க்கப் பயமாக இருந்தது. மேசையிலிருந்து கைக்கு வந்த போனை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு படியிறங்கிவிட்டேன்.

அதனால் 'அவசரம் 1' என்று வந்தபோது எனக்கு இரண்டே விஷயம்தான் தோன்றியது. ஒன்று, போன் மாறியதற்குப் பாடம் எடுக்கப் போகிறார். இல்லையென்றால் மன்னிப்புக் கேட்கப் போகிறார். பாடத்தைக்கூடக் கேட்டுவிடலாம், மன்னிப்பைக் கேட்டால் நான் இந்த மேசையிலேயே அழுதுவிடுவேன். சிவப்பை அழுத்திக் கட் செய்தேன். ஒரு நிமிஷம் கழித்து மறுபடி வந்தது. மறுபடி கட் செய்தேன். எங்கள் கடையில் பொத்தான் தைக்கிற அக்கா ஒருத்தி உண்டு, பல்லில் நூலைக் கடித்தபடியே உலக நடப்பு முழுக்கக் கவனிப்பாள். "வீட்டுக்காரரா?" என்றாள். "எடுத்துத் திட்டிரு. கட் பண்ணிட்டே இருந்தா சண்டை நாளைக்கும் நீளும்."

மூன்றாவது தடவை அடித்தபோது எடுத்தேன். எடுத்து ஒரே மூச்சில் சொன்னேன். "இங்க பாருங்க, போன் மாறிப்போச்சு, எனக்குத் தெரியும். அதுக்காக உலகம் முழுகிடாது. சாயங்காலம் வந்து மாத்திக்கலாம். எனக்கு வேலை இருக்கு, சும்மா சும்மா அடிக்காதீங்க."

அந்தப் பக்கம் ஒரு பெண்குரல். "அம்மா, நீங்க யாரு? இதுல வீட்டுக்காரர்னு போட்டிருக்கு, ஆம்பள எடுப்பாருன்னு பாத்தேன்."

நான் போனைக் காதிலிருந்து எடுத்துத் திரையைப் பார்த்துவிட்டு மறுபடி வைத்தேன். "நீங்க யாரு?" என்றேன்.

"நான் ஒரு அடுக்குமாடில செக்யூரிட்டி. இங்க ஒருத்தன் ஒரு லேடியோட போனை வச்சிருந்தான். பூட்டியிருக்கு. கீழ அவசரம்னு இருந்துச்சு, அழுத்துனா இந்த நம்பர் வந்துச்சு. எவ்வளவு நேரமா அடிக்கறேன், கட் பண்ணிட்டே இருக்கீங்க."

"ஒருத்தன்னா?"

"காலையிலேயே நல்லா ஊத்திட்டு வந்திருக்கான். பார்க்கிங்ல ஒவ்வொரு கார் கதவா புடிச்சுப் புடிச்சு நடந்துட்டிருந்தான். வாய் கொழறுது. போன் யாருதுன்னா என்னுதுங்கறான். இதுல பாத்தா பொம்பள பேரு, வயசு அம்பத்திரண்டு. என் ரூம்ல உக்கார வச்சுக் கதவ வெளிய சாத்திருக்கேன். உங்க போனான்னு கேட்டுட்டு போலீசுக்குச் சொல்லலாம்னு."

"அவருக்கு வேர்த்திருக்கா?" என்று கேட்டேன்.

"என்னது?"

"வேர்த்து ஊத்துதான்னு கேக்கறேன்."

"சட்டை தொப்பலா நனைஞ்சு கெடக்கு. கையெல்லாம் நடுங்குது. கம்பெனி ஆளு மாதிரியும் இல்ல, சாதா கோடு போட்ட சட்டை."

என் தலை தானாகப் பின்னால் திரும்பியது. தேய்த்து முடித்த உடுப்புகள் தொங்கும் கம்பியில் மூன்றாவதாக அவருடைய வேலைச் சட்டை தொங்கிக்கொண்டிருந்தது, பையின் மேல் லிஃப்ட் கம்பெனியின் பேர் தைத்தது. நேற்றே எடுத்துக்கொண்டு போயிருக்க வேண்டியது. நான்தான் மறந்துவிட்டுப் போனேன். அதைப் போட்டிருந்தால் அவரைத் திருடன் என்று யார் நினைத்திருப்பார்கள்.

"அம்மா, அவர் குடிக்கல," என்றேன். "அவர் என் வீட்டுக்காரர், அங்க லிஃப்ட் பாக்க வந்திருப்பார். சர்க்கரை வியாதி. ஊசி போட்டுட்டு சாப்பிடாம வந்திருக்கார், சர்க்கரை இறங்கிப் போயிருக்கு. குடிச்ச மாதிரிதான் இருக்கும். உடனே ஏதாவது இனிப்பா குடுங்க, லேட் பண்ணா நினைவு போயிடும்."

"சர்க்கரை இல்லைன்னு இதுல போட்டிருக்கே?"

"அது எனக்கு. அது என் போன். அவர் போன் என் கையில இருக்கு."

"அம்மா, தப்பா நெனக்காதீங்க. போன மாசம் இப்படித்தான் ஒருத்தனைப் புடிச்சோம். போன்ல ஒரு பொம்பள, என் புருஷன்தான் விட்டுடுங்கன்னு அழுதுச்சு, விட்டேன். ரெண்டு வீட்டுச் சாமானோட போயிட்டான். என் வேலைக்கே உலை வச்சுட்டான். பத்து மணிக்குத்தான் ஷிஃப்ட் மாறி வந்தேன், இவன் எப்ப உள்ள வந்தான்னே எனக்குத் தெரியாது."

அவளைக் குறை சொல்ல எனக்கு என்ன இருக்கிறது? நானே இரண்டு தடவை நம்பாமல்தானே கட் செய்தேன். ஆனால் அந்தக் கதவு சாத்தியிருக்கிற ஒவ்வொரு நிமிஷமும் அவருக்குள்ளே ஒரு விளக்கு அணைந்துகொண்டிருக்கிறது. வாய் குழறுகிறது என்றால் அடுத்தது மயக்கம். டாக்டர் எங்களை இருவரையும் உட்கார வைத்துச் சொல்லியிருக்கிறார். எப்படி நம்ப வைப்பது? கத்தினால் நடிக்கிறேன் என்பாள், அழுதாலும் அதையேதான் சொல்வாள்.

"அந்தப் பக்கத்துலயே கீழ பாருங்க," என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக, நிதானமாக இருந்தது. "ஒவ்வாமைன்னு ஒண்ணு இருக்கும். அங்க என்ன எழுதியிருக்கு?"

அவள் படிப்பது கேட்டது. "உப... உபதேசம். உபதேசமா?"

"காலையில உனக்கு எது ஒத்துக்காதுன்னு கேட்டார். உங்க உபதேசம்னு சொன்னேன். அதையே எழுதி வச்சுட்டார். வெளியாளுக்கு இது எப்படிம்மா தெரியும்?"

இரும்புத் தாழ்ப்பாள் விலகுகிற சத்தம் வந்தது. அப்புறம் அவள் குரல், கொஞ்சம் தள்ளி. "சார். சார், இங்க பாருங்க." அவன், சார் ஆகிவிட்டார்.

டீக்கு வைத்திருக்கிற சர்க்கரை அவளிடம் இருந்தது. நாலு ஸ்பூன் தண்ணீரில் கரைக்கச் சொன்னேன். விழுங்குகிறாரா என்று பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கச் சொன்னேன். இதற்குள் பொத்தான் அக்கா மேசையைச் சுற்றி வந்து, தன் போனை எடுத்து, சைகையிலேயே என்னிடம் முகவரி கேட்டாள். நான் செக்யூரிட்டியிடம் கேட்டு உரக்கச் சொல்ல, அவள் ஆம்புலன்சுக்குச் சொன்னாள். நூல் இன்னும் பல்லிலேயே இருந்தது.

"வாயை இறுக்கிக்கிட்டார். தட்டி விடறார்," என்றாள் செக்யூரிட்டி.

"போனை அவர் காதுல வைங்க."

மூச்சு கேட்டது. முப்பது வருஷமாகப் பக்கத்தில் படுத்துக் கேட்கிற மூச்சு, ஆனால் ஓடி வந்தவர் மாதிரி இரைத்தது. "என்னங்க," என்றேன்.

"எங்க இருக்க?" நாக்கு தடித்து, வார்த்தைகள் ஒன்றின் மேல் ஒன்று விழுந்தன. "வலி... வலி எப்படி இருக்கு?"

"என்ன வலி?"

"குழிக்குள்ள இருக்கேன். சிக்னல் வரல. இப்பத்தான் பாத்தேன். பதினோரு தடவ. வந்துட்டே இருக்கேன். வெச்சிடாத, வந்துட்டேன்."

இரண்டு வருஷமாக இந்த மனிதர் அந்தக் குழியை விட்டு வெளியே வரவே இல்லை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நான் அழவில்லை. அழுதால் குரல் உடையும், குரல் உடைந்தால் அவர் பயப்படுவார். "எனக்கு வலி போயிடுச்சுங்க," என்றேன். "நான் நல்லா இருக்கேன். எழுந்து உக்காந்துட்டேன். பக்கத்துல ஒரு அம்மா டம்ளர் வச்சிருக்காங்க பாருங்க, அதைக் குடிங்க."

"நெஜமா?"

"நெஜமாத்தான் சொல்றேன். குடிங்க."

ஒரு மடக்கு விழுங்கும் சத்தம் கேட்டது. அப்புறம் இன்னொன்று. எத்தனையோ வருஷம் அவருக்குச் சாப்பாடு போட்டிருக்கிறேன், அவர் விழுங்குவதை நான் இப்படி எண்ணிக் கேட்டதில்லை.

வேலைச் சட்டையைக் கம்பியிலிருந்து உருவிக்கொண்டு வாடகைக் காரில் ஏறினேன். போனை வைக்கவே இல்லை. தனியாக எங்கேயாவது நடந்தால் யாரையாவது லைனிலேயே வைத்துக்கொள் என்பது அவருடைய பாடங்களில் ஒன்று. நான் என்றைக்கும் செய்ததில்லை, பேச என்ன இருக்கிறது என்பேன். இப்போது பேசாமலே காதில் வைத்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு சிக்னலிலும் வண்டி நின்றது. அந்தப் பக்கத்திலிருந்து அவள் நிலவரம் சொல்லிக்கொண்டே வந்தாள். ரெண்டாவது டம்ளர் ஆச்சு. வேர்வை கொறைஞ்சிருக்கு. இப்ப என்னைப் பாத்து நீங்க யாருன்னு கேக்கறார். அப்புறம் கொஞ்சம் பொறுத்து, "என் தொப்பியைக் காட்டி, இதுல நம்பர் இல்லையே, அவசரத்துக்கு உங்களை எப்படி அடையாளம் சொல்றதுன்னு கேக்கறார்ம்மா," என்றாள். காரோட்டி கண்ணாடியில் என்னைப் பார்த்தான். நான் சிரித்துக்கொண்டே அழுதுகொண்டிருந்தேன். ஆள் திரும்பி வந்துவிட்டார்.

நான் போய்ச் சேர்வதற்கு முன்பே ஆம்புலன்ஸ் வந்திருந்தது. நுழைவாயில் பக்கத்தில் நாலடிக்கு ஐந்தடியில் ஓர் அறை, ஒரு நாற்காலி, ஒரு சின்ன மேசை, ஒரு மின்விசிறி, சுவரில் சாவிகள் தொங்கும் பலகை. அந்த ஒரே நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார். கோடு போட்ட சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது, தாடையில் சர்க்கரைத் தண்ணீர் காய்ந்திருந்தது. ஆம்புலன்ஸ்காரர் விரலில் குத்திப் பார்த்துவிட்டு, இப்போது பரவாயில்லை, வயிற்றுக்கு ஏதாவது கொடுங்கள், இன்றைக்கே டாக்டரைப் பாருங்கள் என்றார். செக்யூரிட்டி தன் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து அவர் மடியில் வைத்திருந்தாள். என் வயதுதான் இருக்கும் அவளுக்கு. தொப்பி ஒரு சுற்றுப் பெரிதாக, காது வரை இறங்கியிருந்தது. நான் அவர் சட்டையைக் கழற்றி, துடைத்து, வேலைச் சட்டையை மாட்டிப் பொத்தான் போட்டுவிட்டேன். சின்னப் பிள்ளை மாதிரி கையைத் தூக்கிக் கொடுத்தார்.

"ஏன் சாப்பிடல?" என்றேன்.

"பசிக்கல." கீழே பார்த்துக்கொண்டு சொன்னார்.

பசிக்காமல் போனதற்குக் காரணம் யார் என்று எனக்குத் தெரியாதா? மேல் பொத்தானைப் போடும்போது சொல்லிவிட்டேன். "உங்க போன்ல ரெண்டு தடவ வந்துச்சு. நீங்கன்னு நெனச்சு ரெண்டு தடவையும் கட் பண்ணிட்டேன்."

கவளத்தை விழுங்கிவிட்டு என்னைப் பார்த்தார். "ரெண்டுதானே," என்றார். "நான் பதினோரு தடவ எடுக்கல." அவர் தாடையில் காய்ந்திருந்த சர்க்கரையை முந்தானையால் துடைத்தேன். அது லேசில் போகவில்லை, எச்சில் தொட்டுத் துடைக்க வேண்டியிருந்தது.

செக்யூரிட்டி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். "அவன் இவன்னு பேசிட்டேன் சார். கதவ வேற சாத்திட்டேன்," என்றாள்.

இவருக்குத்தான் அதெல்லாம் காதில் விழாதே. முகம் கல்யாண வீட்டுக்காரர் மாதிரி மலர்ந்துவிட்டது. "நீங்க செஞ்சதுதான் கரெக்ட். பூட்டுன போனைப் பாத்து விட்டுடாம அவசரத்தை அழுத்துனீங்க. கட் பண்ணியும் விடல. நூறு பேர்ல தொண்ணூறு பேருக்கு அப்படி ஒண்ணு இருக்கறதே தெரியாது." என் பக்கம் திரும்பி, "வேலை செஞ்சுது பாத்தியா?" என்றார். அவரை அங்கேயே நாலு சாத்து சாத்தலாம் போலவும், கட்டிக்கொள்ளலாம் போலவும் எனக்கு இருந்தது. அரை மணிக்கு முன்னால் எமன் வாசல் வரைக்கும் போய்விட்டு வந்த மனிதர், தன் பாடம் பாசாகிவிட்டதென்று சந்தோஷப்படுகிறார்.

அதோடு நிறுத்தினாரா? "உங்க போனைக் குடுங்க, உங்களுக்கும் போட்டுத் தரேன்," என்று கையை நீட்டினார். அவள் தயங்கிக்கொண்டே தன் சின்னப் போனைக் கொடுத்தாள், மூலையில் கண்ணாடி விரிசல் விட்டிருந்தது. நான் டப்பாவைக் கழுவி வைத்தேன். அவர் கேட்கக் கேட்க அவள் சொன்னாள். பேர். வயது. இரத்த வகை தெரியாது. மருந்து எதுவும் இல்லை. எது ஒத்துக்காது என்று கேட்டபோது, "தூக்கம்தான் சார், பகல்ல ஒத்துக்க மாட்டேங்குது," என்றாள், மூவரும் சிரித்தோம்.

"சரி, கடைசி. ஏதாவது ஒண்ணுன்னா யாரைக் கூப்பிடணும்?"

அவள் சாவிப் பலகையைப் பார்த்தாள். "அதை விடுங்க சார்."

"அதான் முக்கியம். யாராவது ஒருத்தர் நம்பர் சொல்லுங்க. அண்ணன், தங்கச்சி, யாரா இருந்தாலும்."

"போட ஆள் இல்ல சார்," என்றாள். கடையில் சாமான் தீர்ந்துவிட்டது என்று சொல்கிற மாதிரி, சாதாரணமாகத்தான் சொன்னாள்.

எல்லாவற்றுக்கும் ஒரு வழி வைத்திருக்கிறவர் அவர். சிக்னல் இல்லாவிட்டால் இது, சார்ஜ் இல்லாவிட்டால் அது. இதற்கு அவர் நோட்டில் எதுவும் இல்லை. விரல் திரைக்கு மேல் அப்படியே நின்றது. பிறகு தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

நான் என் எண்ணைச் சொன்னேன்.

"ஐயோ வேணாம்க்கா, உங்களுக்கெதுக்குத் தொந்தரவு," என்றாள் அவள். அவர் அதற்குள் தட்டிக்கொண்டிருந்தார். இரண்டிரண்டு எண்ணாகத் திருப்பிச் சொல்லச் சொன்னார், நான் சொன்னேன். முடித்துவிட்டுப் போனை அவள் கையில் கொடுத்து, "ஒரு தடவ அடிச்சுப் பாத்துருங்க. சரியா போகுதான்னு பாக்காம விடக் கூடாது," என்றார்.

அவள் அழுத்தினாள். மேசை மேல் இருந்த என் போன் அடித்தது. பேர் இல்லை, வெறும் எண். எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு கை தூரம்தான். நான் இரண்டாவது மணிக்கு விடாமல் எடுத்துக் காதில் வைத்தேன்.

அவளும் காதில் வைத்தபடி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சொல்லுங்க," என்றேன்.

தொப்பியைக் கழற்றிக் கையிடுக்கில் வைத்துக்கொண்டு, சுவர்ப் பக்கம் திரும்பி, தூரத்தில் இருக்கிற யாரிடமோ பேசுகிறவள் மாதிரிக் குரலைத் தாழ்த்தினாள்.

"ஒண்ணுமில்லக்கா. சும்மாத்தான்."